எந்த வகுப்பு, எந்த நிலை: அரசுப் பள்ளிகளில் வாசிப்பு ஏன் பின்தங்குகிறது?

2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழித்தாள். அன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்வு மையத்துக்கே வரவில்லை. கணக்கு, இயற்பியல் என்றால்கூடப் பயம் என்று சொல்லலாம், தாய்மொழித் தாளுக்கா இப்படி என்று பலரும் கேட்டார்கள். காரணங்கள் வரிசையாக வந்தன. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் தேர்ச்சி போட்டார்கள், பள்ளியை விட்டு நின்றவர்களின் பெயர் பதிவேட்டிலேயே கிடந்தது, சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள், சில பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எல்லாமே உண்மைதான். ஆனால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் டீக்கடையில் சாவகாசமாகப் பேசிப் பாருங்கள், இன்னொரு காரணமும் வெளியே வரும். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பிரிவிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துறையில் ஒரு பெயரும் உண்டு, ‘மெல்லக் கற்போர்’. தேர்வுக்கு முன் அவர்கள் கையில் ‘மினிமம் மெட்டீரியல்’ என்று சில தாள்கள் வந்து சேரும். அதை மனப்பாடம் செய்து எழுதினால் 35 மதிப்பெண்.

இது எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ தொடங்கும் பிரச்சினை இல்லை. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புக்குள் வாசிப்பு கைவரவில்லை என்றால், நான்காம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் தமிழ்ப் பாடமாகிவிடுகிறது. அறிவியல் புத்தகத்தையும் வாசிக்கத்தானே வேண்டும்? கணக்கிலும் ‘ராமு சந்தைக்குப் போனான்’ என்றுதானே கேள்வி ஆரம்பிக்கிறது?

தமிழ்நாடு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்கார மாநிலம். காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு இலவசச் சீருடை, பஸ் பாஸ், சைக்கிள், 2022-லிருந்து காலை உணவு. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கவேண்டும் என்பதில் எந்த ஆட்சியும் பெரிதாகப் பின்வாங்கியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது? கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து, ஏழு வயதைத் தாண்டியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்கிறார், வீட்டார் சொல்கிறார்கள். யார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை.

அப்படி வாசிக்கச் சொல்லும் வேலையை 2005-லிருந்து செய்துவருவது ‘பிரதம்’ தொண்டு நிறுவனத்தின் ஏசர் ஆய்வு. முறை ரொம்ப எளிமையானது. தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. எது வரைக்கும் வாசிக்க வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் நிலை. 2018-ல் இந்திய அளவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 27.3 விழுக்காடு. 2022-ல் அது 20.5 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2018-லேயே நூற்றுக்குப் பத்துப் பேர்தான். 2022-ல் ஐந்து பேர்கூட இல்லை. ஐந்தாம் வகுப்பில் 40 சொச்சமாக இருந்தது 25-க்கு வந்துவிட்டது.

இந்த எண்கள் வந்ததும் வழக்கமான சண்டை தொடங்கிவிடும். ஏசர் கிராமப்புறத்தை மட்டும் பார்க்கிறது, தன்னார்வலர்கள் அளக்கிறார்கள், நம் பாடநூலின் தரமே வேறு என்று ஒரு தரப்பு சொல்லும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழில் ஒரு கதை, இந்தியில் ஒரு கதை, இரண்டும் ஒரே கடினம்தான் என்று யாரால் சொல்லமுடியும்? ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல், வேறு மொழிகளில் அதுவே மூன்று நான்கு சொற்களாகப் பிரிந்து நிற்கும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எல்லா மொழிக்கும் ஒரே கோல் வைத்தால் தமிழ்ப் பிள்ளைக்கு நட்டம். ஒன்றிய அரசின் பாடநூல், ஆய்வு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளுக்குத் தனித்தனி அளவுகோல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, கேரளத்தோடும் இமாச்சலத்தோடும் நம்மை வரிசைப்படுத்துவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதே தமிழ், அதே வகைத் தாள், நான்கு ஆண்டில் பாதியாகக் குறைந்ததற்கு மொழியைக் காரணம் சொல்லமுடியாது.

தமிழ் வாசிக்கப் பழகுவதில் அப்படி என்ன சிரமம்? பெரியவர்கள் மறந்துபோன விஷயம் இது. எழுத்துகள் 247 என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால், 30 எழுத்துக்கு மேல் கொம்பும் சுழியும் துணைக்காலும் சேர்ந்து விரிகிற பெரிய காடு அது. ‘கொ’ என்பதில் காதுக்கு முதலில் கேட்பது க். கண்ணுக்கு முதலில் படுவதோ ஒற்றைக்கொம்பு. அதற்கப்புறம் க, அதற்கும் அப்புறம் துணைக்கால். இடமிருந்து வலமாகப் போ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் பார் என்கிறோம். ‘கண்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. இது போதாதென்று, வீட்டில் ‘வந்துட்டான்’ என்று பேசுகிற பிள்ளை புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று படிக்கவேண்டும். எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அந்தச் சொல் அவனுக்குத் தெரிந்த சொல்லாக உடனே ஒலிப்பதில்லை. கன்னட எழுத்தைப் பற்றி ஆராய்ந்த சோனாலி நாக், பிள்ளைகள் உயிர்மெய் வடிவங்களை முழுதாகப் பிடித்துக்கொள்ள மூன்றாம், நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியிருக்கிறார். தமிழில் எழுத்தின் எண்ணிக்கை கன்னடத்தைவிடக் குறைவு, ஆனால் அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் அத்தனை எழுத்தும் ஒப்பித்துவிடவேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கும் அதிகாரிகளுக்கும் இதைச் சொல்லவேண்டும்.

எழுத்தே தடையாக இருக்கிறது என்று தெரிந்து அரசு எழுத்தையே மாற்றிய கதையும் நம்மிடம் உண்டு. பெரியார் 1935-லிருந்து ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திவந்த சீர்திருத்த வடிவங்களை, 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது, தனி வடிவம். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போல் வளைந்து நிற்கும். பிள்ளைக்கு விதியும் கற்றுக்கொடுத்து, விதிவிலக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆணையால் விதிவிலக்குகள் போயின. கட்டடம் இல்லை, பயிற்சிக் கூட்டம் இல்லை, பெரிய செலவு இல்லை. ஒரு தலைமுறைக்குள் பழைய வடிவத்தைப் படிக்கத் தடுமாறுகிற என்னைப் போன்றவர்கள் வந்துவிட்டோம். எழுத்தறிவுக்காக இந்த மாநிலம் செய்தவற்றில் சத்தமில்லாமல் நிலைத்துநின்ற காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மற்ற முயற்சிகள் அப்படி நிலைக்கவில்லை. அதில் முக்கியமானது ஏ.பி.எல். எனப்பட்ட செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் நடந்த கிராமப் பள்ளி முறையைப் பார்த்துவிட்டு மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சு கிடையாது. ஆசிரியரும் பிள்ளைகளும் பாயில். சுவரின் கீழ்ப்பக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஒரு கரும்பலகைத் துண்டு. தட்டுகளில் அட்டைகள். சுவரில், கற்கவேண்டியவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ‘ஏணிப்படி’ அட்டவணை. நேற்று எந்தப் படியில் விட்டாயோ அங்கிருந்து இன்று தொடங்கு, அவ்வளவுதான். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால் வகுப்பு அவனை விட்டுவிட்டு ஓடியிருக்காது. நீ எந்த வகுப்பு என்ற கேள்விக்குப் பதிலாக, நீ எந்தப் படி என்று கேட்ட முறை அது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. தமிழ்நாட்டில் ஈராசிரியர் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால் அன்று ஐந்து வகுப்புக்கும் ஒருவர். இப்படிப்பட்ட பள்ளியில் வகுப்புக்கு ஒரு புத்தகம், பாடவேளைக்கு ஒரு பாடம் என்ற ஏற்பாடு காகிதத்தில்தான் நடக்கும். ஏணிப்படி முறை அந்தப் பள்ளிக்காகவே அளந்து தைத்த சட்டை.

அப்புறம் ஏன் போனது? அட்டை கிழிந்தால், தொலைந்தால் புது அட்டை வர மாதக்கணக்கில் ஆனது. முறையின் உள்ளே இருக்கும் தர்க்கம் பிடிபடாத ஆசிரியர்களுக்கு அது மேலிடத்து உத்தரவாக மட்டுமே வந்து சேர்ந்தது. பார்வைக்கு வருகிற அதிகாரி பிள்ளையை வாசிக்கச் சொல்வதைவிட, சுவரில் காலநிலை அட்டவணை இருக்கிறதா, ஆரோக்கியச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது சுலபம். பெற்றோருக்கும் திருப்தி இல்லை. ‘புத்தகமும் இல்ல, வீட்டுப்பாடமும் இல்ல, தரையில உக்காந்து வெளையாடுதுங்க’ என்றார்கள். பக்கத்தில் மஞ்சள் வேனில் டை கட்டிய பிள்ளைகள் ஏறிப் போவதைப் பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன, ஏணிப்படி நீர்த்துப்போய் ஒரு சடங்காக மிஞ்சியது. வகுப்புக்கு ஒரு புத்தகம் மறுபடி அரியணை ஏறியது.

கொரோனா வந்தபோது நிலைமை இதுதான். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பின் பாதி போய்விட்டது. கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகம் இருந்தது. எழுத்து தெரியாது. கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்றால், டிவியால் ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து ‘ஈ’ எழுதவைக்க முடியாது.

அந்த நேரத்தில் அரசு செய்த காரியம் எனக்கு இன்றும் கொஞ்சம் வியப்புதான். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, ஊர்த் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ யார் வீட்டு முற்றத்திலோ, ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவில் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். ‘அக்கா, இன்னிக்குக் கதை சொல்றீங்களா’ என்று பிள்ளைகள் கூப்பிடக்கூடிய ஆட்கள். பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று சொன்னது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகள் காரணம் என்றது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. அவசரகாலத் திட்டம் என்பதால் பிறகு சுருக்கப்பட்டது. சுருக்கியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. கொரோனா போனாலும் மாலையில் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை போய்விடவில்லையே.

அடுத்தது ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைத்தார்கள். 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வந்துவிடவேண்டும் என்பது இலக்கு. ஒன்றிய அரசும் 2021 ஜூலையில் ‘நிபுண் பாரத்’ என்று இதே நோக்கத்தில், 2026-27-ஐ எல்லையாக வைத்து ஒன்றைத் தொடங்கியிருந்தது. புதிய கல்விக் கொள்கையில் மாநிலமும் ஒன்றியமும் எலியும் பூனையுமாக இருந்தாலும் இந்த ஒன்றில் இருவரும் ஒரே பேச்சுதான்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து, நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை என்றால் அவன் அரும்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம், பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம். பாட்டு, கதை, பொம்மலாட்டம், நிலைக்கு ஒரு பயிற்சி நூல். கூர்ந்து பார்த்தால் ஏணிப்படிதான் வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் பிரதம் நிறுவனத்தோடு சேர்ந்து வட மாநிலங்களில் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்: வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டு, நிலை பார்த்துக் குழு பிரித்தால் வாசிப்பு வேகமாக வருகிறது.

பலன் இருந்ததா? ஏசர் 2024-ல் இந்திய அளவில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் விழுக்காடு 16.3-லிருந்து 23.4-க்கு ஏறியது, கொரோனாவுக்கு முந்தைய 20.9-ஐயும் தாண்டிவிட்டது. தமிழ்நாடும் ஏறியது, கணக்கில் நன்றாகவே ஏறிய மாநிலங்களில் ஒன்று. ஆனால் வாசிப்பில் கீழே கிடந்த இடத்திலிருந்துதான் ஏற்றம். மாநிலத் திட்டக்குழு தன் பங்குக்கு 2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் சுமார் 10 லட்சம் மாணவர்களிடம் ஓர் அடைவுத் தேர்வு நடத்தியது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வது வேறு, வகுப்பறையில் எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்து அளப்பது வேறு. இரண்டின் முடிவையும் ஒன்றோடு ஒன்று மோதவிடுவது வீண்வேலை. இரண்டுமே தேவை.

திட்டத்தின் பலவீனம் ஆசிரியரின் செல்போனில் இருக்கிறது. குழு பிரித்துப் பாடம் நடத்தச் சொல்லும் அதே துறை, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்று, எமிஸ் என்ற துறையின் இணையப் பதிவேட்டில் வருகையைப் பதி, படம் எடுத்து அனுப்பு என்கிறது. மலைக்கிராமத்தில் சிக்னல் தேடி மைதானத்துக்கு நடக்கிற நேரத்தில் அரும்பு நிலைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2023-ல் பி.எட். மாணவர்களை அனுப்பி வகுப்பை மதிப்பிடச் சொன்னபோது ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. இருபது வருடம் பாடம் நடத்தியவரை இன்னும் படிப்பு முடிக்காத ஒருவர் மதிப்பிடுவதா என்ற கோபம் புரியக்கூடியது. அளக்கவே கூடாது என்ற இடத்துக்கு அந்தக் கோபம் போனால் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அளப்பது அவசியம். அளப்பதன் முடிவு முதலில் அந்த வகுப்பு ஆசிரியருக்கு நாளை காலை உதவவேண்டும், அப்புறம்தான் சென்னைக்குப் போகவேண்டும். இப்போது வண்டி தலைகீழாக ஓடுகிறது.

கட்டாயத் தேர்ச்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறோம். ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு அதை எடுத்துவிட்டது. தமிழ்நாடு எட்டுவரை தொடர்கிறது, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அப்படியே சொல்கிறது. வாசிக்கத் தெரியாமல் மேலே தள்ளிவிடுவது தவறு, சரி. ஆனால் அதே பிள்ளையை அதே வகுப்பில் அதே புத்தகத்தோடு இன்னொரு வருடம் உட்காரவைத்தால் எழுத்து எப்படி வந்துவிடும்? வருவது பெரும்பாலும் வெட்கம், அடுத்தது மேஸ்திரி வேலை. ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தாலும் ஆறாம் வகுப்புக்குப் போனாலும், அவன் இப்போது எதை வாசிக்கிறான், அடுத்து எதை வாசிக்கவேண்டும் என்று தெரிந்த ஓர் ஆசிரியர் எதிரே இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

வாசிக்க எதைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பாடநூலைத் தவிர வேறு அச்செழுத்தே நுழையாத வீடுகள் ஏராளம். 2023-ல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’ பேச்சுத்தமிழுக்கு நெருக்கமான சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் போட்டது. பெயரே அழகு. தேர்வு இல்லை, கேள்வி இல்லை, வாசித்தால் போதும். ‘வந்துட்டான்’ என்று பேசுகிற பிள்ளைக்கும் ‘வந்துவிட்டான்’ என்று எழுதியிருக்கும் புத்தகத்துக்கும் நடுவே இப்படி ஒரு பாலம் எப்போதோ போட்டிருக்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. மும்மொழி உள்ளிட்ட புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, பள்ளிக்கல்விக்கு ஒன்றிய அரசு தரும் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. வட்டார வள மையங்கள், பயிற்சிகள், துணைக்கருவிகள் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. மும்மொழியா இருமொழியா என்ற சண்டையின் விலையை, ஒரு மொழியே இன்னும் வாசிக்க வராத பிள்ளை கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

2020-ல் சேர்ந்த அந்தப் பிள்ளைக்குத் திரும்பி வருவோம். எண்ணும் எழுத்தும் தொடங்கியபோது அவன் மூன்றாம் வகுப்பு. முதலில் மூன்று வகுப்புகளுக்கு மட்டும் இருந்த திட்டம் அவனுக்கு ஒரு வருடம் கிடைத்தது. 2023-24-ல் நான்கு, ஐந்துக்கு நீட்டியபோது அவன் நான்காம் வகுப்பில் இருந்தான், இன்னும் இரண்டு வருடம் கிடைத்தது. 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தான். அந்த ஆண்டுதான் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை வராத மாணவர்களுக்காக ‘திறன்’ என்ற திட்டத்தைத் துறை தொடங்கியது. ஆறாம் வகுப்பில் அவனுக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், 40 நிமிடத்துக்கு ஒரு மணி. தமிழாசிரியர் செய்யுளும் இலக்கணமும் நடத்தப் பயின்றவர், ‘கொ’வை எப்படிக் கூட்டிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்க யாரும் அவரைப் பயிற்றுவித்ததில்லை. 2030 மார்ச்சில் அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. முதல் தாள் தமிழ்.